கை நடுக்கம்: எது இயல்பு, எது நோய், எப்போது மருத்துவரிடம் போவது?

கை நடுங்குகிறவர்களுக்கு நம் ஊரில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர் என்றால் ‘வயசாயிடுச்சு’. அதற்குக் கீழே என்றால் ‘நரம்புத் தளர்ச்சி’. முதல் தீர்ப்பைக் கேட்டவர் மருத்துவரிடம் போவதே இல்லை. இரண்டாவதைக் கேட்டவர் மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்குகிறார், அல்லது சுவர் விளம்பரத்தை நம்பிப் போய்ப் பணத்தை இழக்கிறார். இன்னொரு கூட்டம் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, தனக்குப் பார்க்கின்சன் வந்துவிட்டது என்று தூக்கத்தைத் தொலைக்கிறது. மூன்று முடிவுகளும் பெரும்பாலும் தவறு.

நடுக்கம் ஒரு நோயின் பெயர் அல்ல, அது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் ஒரு டம்ளர் காபி இருக்கலாம். அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு இருக்கலாம். வயிற்று உப்புசத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை இருக்கலாம். அப்பாவிடமிருந்து வந்த மரபு இருக்கலாம். மூளையின் ஒரு சிறு பகுதியில் செல்கள் அழிவதும் இருக்கலாம். இவற்றில் பல முழுதாகச் சரியாகக் கூடியவை. எது என்று பிரித்தறிய, கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைவிட, எந்த நிலையில் நடுங்குகிறது, எப்போதிலிருந்து நடுங்குகிறது, அதற்கு முன்பு என்ன மாத்திரை தொடங்கினோம் என்ற மூன்று கேள்விகளே அதிகம் உதவும்.

நடுங்காத கை கிடையாது

நீட்டிய கையைத் துளியும் அசைக்காமல் வைத்திருக்க யாராலும் முடியாது. நொடிக்கு 8 முதல் 12 முறை வரை அதிரும் மெல்லிய நடுக்கம் எல்லோர் கையிலும் உண்டு. இதை உடலியல் நடுக்கம் என்பார்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போதோ, செல்போனில் தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிப் படம் எடுக்கும்போதோதான் இப்படி ஒன்று இருப்பது தெரியவரும்.

உடம்பில் அட்ரினலின் கூடும்போது இதே நடுக்கம் வெளிப்படையாகத் தெரிய ஆரம்பிக்கும். மேடையில் மைக்கைப் பிடிக்கும்போது, நேர்காணலில் சான்றிதழை நீட்டும்போது, வாய்ச் சண்டை முற்றும்போது கை உதறுவது இதனால்தான். இரவெல்லாம் கண்விழித்த மறுநாள், காய்ச்சல், வெறும் வயிறு, கனமான மூட்டையை இறக்கி வைத்த அடுத்த சில நிமிடங்கள், அடுத்தடுத்துக் குடித்த காபி, எனர்ஜி டிரிங்க், சிகரெட் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளியும் வெண்கலமும் வென்ற வடகொரியாவின் கிம் ஜோங் சூவிடமிருந்து இரண்டு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. அவர் உடலில் ப்ரோப்ரனலால் என்ற மருந்து இருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் இந்த மாத்திரை அட்ரினலின் வேலையைத் தடுத்துக் கை அதிர்வைக் குறைக்கும் என்பதால் குறிபார்க்கும் போட்டிகளில் அதற்குத் தடை உண்டு. குறி தவறாத வீரர்களின் கையிலும் மருந்து போட்டுக் குறைக்கும் அளவுக்கு நடுக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். காரணம் தெரிந்து, அந்தக் காரணம் போனதும் தானும் போய்விடுகிற நடுக்கத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

எந்த நிலையில் நடுங்குகிறது?

நரம்பியல் மருத்துவரின் அறையில் முதல் பத்து நிமிடம் நடப்பதைக் கவனித்தால் இந்தக் கேள்வியின் அருமை புரியும். நோயாளியை உட்காரவைத்து, கைகளை மடியில் தளரவிடச் சொல்கிறார். பிறகு, ‘நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாங்க’ என்கிறார். நோயாளி 93, 86 என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது மருத்துவரின் கண் கணக்கில் இல்லை, மடியில் இருக்கும் விரல்களில் இருக்கிறது. மனம் வேறு வேலையில் ஈடுபடும்போது, ஓய்வில் இருக்கும் கை நடுங்கத் தொடங்கினால் அது பார்க்கின்சன் பக்கம் கை காட்டும்.

அடுத்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்கிறார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். தைராய்டு, மருந்துகள், மனப் பதற்றம் இவற்றால் வருவது இந்த வகை. பின்பு தன் விரலை நீட்டி, நோயாளி தன் மூக்கையும் அந்த விரலையும் மாறி மாறித் தொடும்படி சொல்கிறார். இலக்கை நெருங்க நெருங்க விரல் அதிகமாக அலைபாய்ந்தால் சந்தேகம் சிறுமூளை மேல் விழும். பக்கவாதம், பல ஆண்டுக் குடி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு நோய்கள் அங்கே பாதிப்பை உண்டாக்கியிருக்கலாம்.

கடைசியாக ஒரு தாள், ஒரு பேனா. ஒரு வரி எழுதச் சொல்கிறார். நடுவிலிருந்து வெளியே விரிந்து போகும் சுருள் ஒன்றையும் வரையச் சொல்கிறார். எழுத்து பெரிதாக, கோடெல்லாம் அலையடித்து வந்தால் ஒரு வகை. எழுத்து ஒழுங்காகவே தொடங்கி, வரி நகர நகர எறும்பைப் போலச் சிறுத்துக்கொண்டே போனால் அது வேறு வகை. முதலாவது பெரும்பாலும் பரம்பரையாக வரும் நடுக்கம், இரண்டாவது பார்க்கின்சன். எந்த ஸ்கேனும் எடுப்பதற்கு முன்பே பாதி விடை அந்தத் தாளில் கிடைத்துவிடுகிறது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

புதிதாக வந்த நடுக்கத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது நாம் விழுங்கும் மருந்துகளை. வீசிங்குக்கு எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் நெபுலைசரும், தியோபிலின் வகை மாத்திரைகளும் கையை உதற வைக்கும்; மருந்தின் வேகம் குறைந்ததும் அது அடங்கிவிடும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் டாக்ரோலிமஸ், அளவு கூடிப்போன தைராக்சின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் சகஜம். ஆனால் வெயில் காலத்தில் வாந்தி, பேதி வந்து உடலில் நீர் வற்றும்போது ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கூடவே வலி மாத்திரையும் போட்டால் இன்னும் ஏறும். மெல்லிய நடுக்கம் பெரிய உதறலாக மாறி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது நச்சுநிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய வகை ஒன்று இருக்கிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் பார்க்கின்சனை அப்படியே நகல் எடுத்தது போன்ற நிலையை உண்டாக்கும். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை இப்படிச் செய்யும் என்று பலருக்குத் தெரியும். ஆனால் தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் ப்ரோகுளோர்பெராசினும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசினும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும் என்பது தெரிவதில்லை. லெவோசல்பிரைடு என்ற மருந்து ‘கேஸ் மாத்திரை’யில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து விற்கப்படுகிறது. பதினைந்து நாளுக்கு எழுதிக் கொடுத்ததை அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவர்கள் ஏராளம். கை நடுங்கும், நடை குறுகும், முகத்தில் பாவம் போய்விடும். பார்க்கின்சன் என்று முடிவுகட்டி அதற்கும் மாத்திரை சேர்ந்துகொள்ளும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய கேஸ் மாத்திரை அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ நிலைமை சீராகும்.

அதற்காக எதையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரும். மனநோய் மாத்திரையை விட்டால் நோய் திரும்பும். ப்ரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. பையோடு மருத்துவரிடம் போய், இதில் எது என்று கேட்பதுதான் முறை.

ரத்தத்தில் தெரியும் காரணங்கள்

பசி நன்றாக எடுக்கிறது, ஆனால் எடை குறைகிறது, மற்றவர்கள் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லும்போது இவருக்கு வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, நீட்டிய விரல்கள் மெல்ல அதிர்கின்றன. இந்தக் கூட்டணி தைராய்டு அதிகமாகச் சுரப்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதிகம் வரும். ‘டென்ஷன்’ என்று ஒதுக்கப்படுவதும் இதுதான் அதிகம். டி.எஸ்.எச். என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் சிக்கிவிடும். சிகிச்சையில் நடுக்கமும் போய்விடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென்று கை கால் உதறி, வியர்த்து, பசியோடு கண் இருட்டினால் அது தாழ் சர்க்கரை. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். கருவியைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அக்கார்போஸ், வாக்ளிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் பவுடரே வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். மாத்திரையால் வந்த தாழ் சர்க்கரை, சரியானது போல் தோன்றிச் சில மணி நேரத்தில் மறுபடி வரும். குறிப்பாக முதியவர்களையும் சிறுநீரகம் பழுதானவர்களையும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும்.

கல்லீரல் கெட்டுப்போனவர்களிடம் வேறு மாதிரி ஓர் அசைவு தெரியும். கைகளை நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால், கை விட்டு விட்டுத் தொப்பென்று கீழே விழுந்து எழும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம் இவையும் சேர்ந்திருந்தால் கழிவு நஞ்சு மூளையைத் தொட்டிருக்கிறது என்று பொருள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும், நுரையீரல் நோய் முற்றி ரத்தத்தில் கரியமில வாயு தேங்கியவர்களுக்கும் இதே அசைவு வரும். இது தள்ளிப்போடும் விஷயம் அல்ல.

குடியும் கையும்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனதும் நின்றுவிடுகிறது என்றால் அந்த நடுக்கத்துக்குக் காரணம் குடி நின்றுபோன இரவு. மூளை மதுவுக்குப் பழகி, அது இல்லாதபோது கட்டுமீறித் தூண்டப்படுகிறது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு உடம்பெல்லாம் உதறி, காய்ச்சல் ஏறி, இல்லாத பூச்சியும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள். இந்தப் பிதற்றல் நிலைக்குச் சிகிச்சை தராவிட்டால் உயிர் போகும்.

மாலை போட்டதும், கோயிலில் சத்தியம் செய்ததும், வீட்டார் அறையில் பூட்டி வைத்ததும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பல ஆண்டு தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது இந்த ஆபத்து உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு மதுக்கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது தென்னிந்திய மருத்துவமனைகள் இதைக் கண்கூடாகப் பார்த்தன. குடியை நிறுத்தத்தான் வேண்டும், மருத்துவத் துணையோடு. சில நாட்களுக்கு டயசிபாம், லொராசிபாம் வகை மருந்துகளும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் தந்து பாதுகாப்பாகக் கரையேற்றலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்கு வழி இருக்கிறது. நடுக்கத்தை நிறுத்தக் காலையில் மறுபடி குடிப்பது மட்டும் தீர்வாகாது.

அப்பாவுக்கும் இருந்தது

நோயாக வரும் கை நடுக்கங்களில் மிகப் பரவலானது எசென்ஷியல் ட்ரெமர். 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இருக்கும் என்பது உலகளாவிய கணக்கு. பார்க்கின்சனைவிடப் பல மடங்கு அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இருந்திருக்கும். இருபதுகளிலேயே தொடங்கலாம், அறுபதுகளிலும் தொடங்கலாம்.

கை சும்மா இருக்கும்போது இது இருக்காது. வேலை செய்யும்போது வரும். டம்ளரைத் தூக்கினால் காபி சாசரில் சிந்தும். ரசத்தைக் கரண்டியில் எடுத்து இலைக்குக் கொண்டுபோவதற்குள் பாதி காணாமல் போகும். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கச் சாப்பிடக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பொதுவாக இரண்டு கைகளிலும் இருக்கும். தலை ‘இல்லை இல்லை’ என்பதுபோல் ஆடலாம், குரலும் நடுங்கலாம். ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னின் தலையும் குரலும் நடுங்கியது இதனால்தான். பலரும் அதைப் பார்க்கின்சன் என்றே நினைத்தார்கள். இரண்டு கைகளிலும் செயல் நடுக்கம் மூன்று ஆண்டாவது இருந்து, நடை, தசை இறுக்கம் போன்ற வேறு நரம்புக் கோளாறு இல்லாதபோதே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்று 2018இல் வெளியான சர்வதேச வரையறை சொல்கிறது.

இது உயிரைக் குடிக்கும் நோய் அல்ல. தொந்தரவு இல்லாவிட்டால் மருந்தும் வேண்டாம். வேலையைக் கெடுத்தால் ப்ரோப்ரனலால், பிரிமிடோன் ஆகியவை முதல் தேர்வு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது தாழ் சர்க்கரையின் எச்சரிக்கையான உதறலையும் படபடப்பையும் மறைத்துவிடும். மருந்துக்கு அடங்காத கடும் நடுக்கத்துக்கு மூளையின் தலாமஸ் பகுதியில் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. மண்டையைத் திறக்காமல் ஒலி அலைகளைக் குவித்து அதே இடத்தைச் சுடும் முறைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி அளித்தது. கொஞ்சம் மது குடித்தால் இந்த நடுக்கம் சற்று நேரம் அடங்கும் என்பது உண்மை. அதை மருந்தாக்கிக்கொண்டு குடிக்கு அடிமையானவர்கள் உண்டு என்பதும் உண்மை.

பார்க்கின்சன்: நடுக்கத்தை விட மெதுவாதல் முக்கியம்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு பேரைக் கவனித்து இந்த நோயை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்திருந்தார். பிறகு பிரான்சின் ழான் மார்ட்டின் ஷார்கோ இதற்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதே அடிப்படை. உலக அளவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது.

இதன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் தொடங்கும். மடியில் கிடக்கும் கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். எதையாவது எடுக்கப் போனால் குறையும். கையை நீட்டினால் சில நொடி அடங்கியிருந்து மறுபடி கிளம்பும். தூங்கும்போது நின்றுவிடும்.

ஆனால் நடுக்கம் மட்டும் பார்க்கின்சன் ஆகாது. நாலில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு நடுக்கமே இருப்பதில்லை. நோயை உறுதிசெய்வது உடம்பு மெதுவாவது. சட்டைப் பொத்தான் போட நேரம் எடுக்கும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். குரல் தணியும். தோள்வலி என்று எலும்பு மருத்துவரிடம் அலைவார்கள். இவை வருவதற்குப் பல ஆண்டு முன்பே மோப்பம் குறைந்திருக்கும், மலச்சிக்கல் இருந்திருக்கும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையை வீசிக் கத்தியிருப்பார்கள். குடும்பத்தார் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை இவை. பெரும்பாலும் மருத்துவரின் பரிசோதனையே இதைக் கண்டறியப் போதும், சாதாரண எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

முதன்மை மருந்து லெவோடோபா. இது பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. அந்த விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்வேட்டில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று நிறுவப்படுவதற்கு 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் அவருடைய குழுவினரும் நடுக்கத்தை அடக்க மூளையின் ஆழத்தில் நுண் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆக, இந்த நோயின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இன்று பூனைக்காலிப் பொடியைத் தாமாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் லெவோடோபாவின் அளவு விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் சேர்த்துக்கொண்டால் ரத்த அழுத்தம் விழலாம், மனக்குழப்பம் வரலாம்.

அரிதானவை, தவறவிடக் கூடாதவை

பத்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் கை நடுங்கி, கையெழுத்து கெட்டு, படிப்பில் பின்தங்கி, குணமும் மாறினால் வில்சன் நோயை நினைக்க வேண்டும். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த இந்த நோயில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் என்பதால் சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. கருவிழி ஓரத்தில் தெரியும் பழுப்பு வளையம், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு ஆகியவற்றால் கண்டுபிடித்துவிடலாம். 1956 முதல் இதற்கு மருந்து இருக்கிறது. ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு வந்தால் உடன்பிறந்தவர்கள் அனைவரையும் சோதிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

தொழிலும் கையை நடுங்க வைக்கும். பாதரசத்தால் கம்பளித் தொப்பி செய்த ஐரோப்பியத் தொழிலாளர்களின் நடுக்கம் பெயர்போனது. நம்மிடம் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் பாதரசக் கழிவுச் சர்ச்சையில் மூடப்பட்டது. ஊழியர்களின் உடல்நலப் பாதிப்புக்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் மறுத்தபோதும், 2016இல் 591 முன்னாள் ஊழியர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. மாங்கனீசு தூசியையும் வெல்டிங் புகையையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதும் பார்க்கின்சனை ஒத்த நிலையைத் தரும். வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்தவர் வியர்த்து, எச்சில் ஒழுகி, கண்பாவை சுருங்கி, தசைகள் துடித்தால் உடனே உடையைக் கழற்றிக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குழந்தைகளிலும் ஒன்று உண்டு. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள், தாய்ப்பால் மட்டுமே குடித்துவரும் குழந்தை வெளிறி, சிரிப்பை மறந்து, கற்ற அசைவுகளை இழந்து, கை தலை நடுங்கினால் பெரும்பாலும் பி12 குறைபாடு. தாய்க்கும் அது குறைவாக இருக்கும். ஊசி போட்டால் தேறும், தாமதித்தால் வளர்ச்சி பாதிக்கும்.

மனத்தின் அழுத்தம் உடம்பில் நடுக்கமாக இறங்குவதும் உண்டு. திடீரென்று தொடங்கி, கவனத்தைத் திருப்பினால் நின்று, மறுபடி வரும். இதை நடிப்பு என்று ஏசுவது அநியாயம். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உரிய சிகிச்சையில் தேறவும் செய்வார்.

எப்போது போக வேண்டும்?

உடனே, 108ஐ அழைத்துப் போக வேண்டியவை இவை: நடுக்கத்தோடு ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல் (பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்), வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிதல், கடும் காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், குளுக்கோஸ் கொடுத்தும் தெளியாத தாழ் சர்க்கரை, குடியை நிறுத்திய சில நாட்களுக்குள் உதறல், பூச்சிமருந்து பட்ட பின் நடுக்கம், தலையில் அடிபட்ட பின் வந்த நடுக்கம்.

ஓரிரு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: ஒரு பக்கம் மட்டும் உள்ள நடுக்கம்; ஓய்வில் வரும் நடுக்கம்; நடையோ எழுத்தோ குரலோ மாறியிருப்பது; எடை குறைதலும் படபடப்பும்; புது மாத்திரை தொடங்கியபின் வந்தது; நாற்பது வயதுக்குள் காரணமின்றித் தொடங்கியது; குழந்தைகளுக்கு வரும் எதுவும். நீண்ட நாளாக இருந்து மெல்லக் கூடிவரும், இரண்டு கைகளிலும் உள்ள நடுக்கம் அவசரம் அல்ல. ஆனாலும் ஒருமுறையாவது காட்டி, என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பொது மருத்துவரே போதும். சர்க்கரை, டி.எஸ்.எச்., கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளை அவர் பார்த்துவிட்டு, தேவையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார். போகும்போது மூன்று பொருட்களை எடுத்துச் செல்லுங்கள்: நாட்டு மருந்து, கண் சொட்டு, கேஸ் மாத்திரை உட்பட எல்லா மருந்துகளும் கொண்ட பை, நடுங்கும்போது செல்போனில் எடுத்த வீடியோ, ஐந்தாறு ஆண்டுக்கு முன் எழுதிய ஏதாவது ஒரு தாள், இன்றைய கையெழுத்தோடு ஒப்பிட. குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நடுக்கம் நிலைத்துவிட்டவர்களுக்கு உரிமைகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரித்த 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. நோயால் கையெழுத்துப் போட முடியாத வங்கி வாடிக்கையாளர், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஓய்வூதியத்தைத் தர மறுத்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

முதுமை நடுக்கத்தைத் தருவதில்லை. முதுமையில் வரும் நோய்களும், முதுமையில் கூடும் மாத்திரைகளும் தருகின்றன. ஆகவே வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடாதீர்கள். மாத்திரைப் பையோடு ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.